எழுதி வைத்திருந்தார்கள், கேட்க ஆள் இல்லை: கிரென்ஃபெல் டவரும் ஒரு வட்டாரத்தின் செய்தியும்

2016 நவம்பர் 20. மேற்கு லண்டனின் நார்த் கென்சிங்டன் பகுதியில் வாடகை வீடுகளில் குடியிருந்த சிலர் சேர்ந்து நடத்திய வலைப்பதிவில் அன்று ஒரு கட்டுரை வந்தது. எங்கள் கட்டடங்களைப் பராமரிக்கும் அமைப்பு நெருப்போடு விளையாடுகிறது என்பதுதான் தலைப்பு. பெரிய விபரீதம் நடந்து உயிர்கள் போனால்தான் இந்த அமைப்பின் லட்சணம் வெளியே தெரியும், நினைக்கவே பயமாக இருந்தாலும் அதுதான் எங்கள் உறுதியான கருத்து என்று எழுதியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஏழு மாதம்கூட ஆகவில்லை. 2017 ஜூன் 14, நள்ளிரவு தாண்டி 12.54 மணி. அதே பகுதியில் இருந்த கிரென்ஃபெல் டவரின் நான்காம் மாடியில் ஒரு வீட்டுச் சமையலறையில் தீப்பிடித்திருப்பதாகத் தீயணைப்புத் துறைக்கு முதல் அழைப்பு போனது. தீ ஃப்ரிட்ஜில் தொடங்கியது. சுமார் அரை மணி நேரத்தில் அது சுவரின் வெளிப்புறத் தகடுகளைப் பற்றி 24 மாடிக் கட்டடத்தின் உச்சிக்கே போய்விட்டது. 72 பேர் இறந்தார்கள்.

தகடுகளைப் பற்றியும் அவற்றை விற்ற நிறுவனங்களைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. நான் இங்கே பார்க்க விரும்புவது வேறொன்று. ஒரு வட்டாரம் தன்னைப் பார்த்துக்கொள்ள மூன்று விஷயங்கள் வேண்டும்: குரல் கொடுக்கும் குடியிருப்போர் சங்கம், கைகொடுக்கும் சின்னச் சின்னத் தொண்டு அமைப்புகள், இரண்டையும் ஊருக்குத் தெரியப்படுத்தும் உள்ளூர்ப் பத்திரிகை. நார்த் கென்சிங்டனில் முதல் இரண்டும் நன்றாகவே இருந்தன. மூன்றாவது கிட்டத்தட்டப் போய்விட்டிருந்தது. அந்த ஓர் இடைவெளி என்ன செய்தது என்பதுதான் இந்த ஆய்வு.

அந்த மண்ணின் பழக்கம்

கென்சிங்டன்-செல்சி பரோ (லண்டனின் உள்ளாட்சிப் பிரிவுகளைப் பரோ என்பார்கள்) பிரிட்டனின் மிகப் பணக்காரப் பகுதிகளில் ஒன்று. ஆனால் அதன் வடக்கு முனையான நார்த் கென்சிங்டன் வேறு உலகம். 1950களில் அங்கே வீட்டு உரிமையாளர்கள் பழைய வீடுகளைக் கூறு போட்டு, கரீபியத் தீவுகளிலிருந்து வந்த ஏழைக் குடும்பங்களிடம் அநியாய வாடகை வாங்கினார்கள். பீட்டர் ராக்மன் என்ற உரிமையாளரின் பெயர், வாடகைதாரரை வதைப்பதற்கே ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக மாறிவிட்டது. 1958 ஆகஸ்ட் கடைசியில் கறுப்பின மக்கள் மீது வெள்ளை இளைஞர்கள் கும்பலாகத் தாக்குதல் நடத்தி, கலவரம் செப்டம்பர் வரை நீண்டது.

அந்தக் கலவரத்துக்கு மக்கள் சொன்ன பதிலில் ஒரு பத்திரிகைக்கும் பங்கு இருந்தது. கிளாடியா ஜோன்ஸ் அதே ஆண்டு மார்ச்சில் பிரிக்ஸ்டனில் ‘வெஸ்ட் இண்டியன் கெஸட்’ என்ற பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். 1959 ஜனவரியில் செயின்ட் பேங்க்ரஸ் நகர மண்டபத்தில் கரீபியத் திருவிழா நடத்தியவரும் அவர்தான். 1966இல் ரோன் லாஸ்லெட் என்ற பெண்மணியும் அக்கம்பக்கத்தாரும் அதே பகுதியின் நாட்டிங் ஹில் தெருக்களில் ஒரு விழா எடுத்தார்கள். இன்று உலகமே அறிந்த நாட்டிங் ஹில் கார்னிவல் இவற்றிலிருந்து வளர்ந்ததுதான்.

1970இல் அந்தப் பகுதியின் தலைக்கு மேல் வெஸ்ட்வே என்ற உயர்மட்ட நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. அதற்காக வீடுகளை இடித்தார்கள். பாலத்துக்கு அடியில் கிடந்த நிலத்தையாவது எங்களுக்குக் கொடுங்கள் என்று மக்கள் போராடியதில், 23 ஏக்கர் நிலத்தை வட்டாரத்தின் பயனுக்காக வைத்திருக்க 1971இல் ஓர் அறக்கட்டளை அமைந்தது. இன்றைய வெஸ்ட்வே டிரஸ்ட் அதுதான். அதற்கும் முன்னால், 1883லேயே, ஹாரோ பள்ளியின் பழைய மாணவர்கள் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஹாரோ கிளப் இருந்தது. ரக்பி பள்ளி தொடங்கிவைத்த சிறுவர் மன்றம் ரக்பி போர்ட்டொபெல்லோ டிரஸ்ட்டாக இன்றும் நடக்கிறது.

இவ்வளவையும் சொல்லக் காரணம் உண்டு. தீக்குப் பிறகு வெளியிலிருந்து வந்த பலர், பாவப்பட்ட மக்கள், தங்களுக்காகப் பேசத் தெரியாதவர்கள் என்ற தொனியில் பேசினார்கள். அது தவறு. சங்கம் சேர்வதும் மனு எழுதுவதும் அந்த வட்டாரத்துக்கு மூன்று தலைமுறைப் பழக்கம்.

சங்கம் என்ன எழுதியது

கிரென்ஃபெல் டவர் 1974இல் லங்காஸ்டர் வெஸ்ட் குடியிருப்பில் கட்டி முடிக்கப்பட்டது. சொந்தக்காரர் பரோ கவுன்சில். பராமரிப்பு மட்டும் 1996 முதல் டிஎம்ஓ என்று எல்லோரும் சுருக்கிச் சொன்ன வாடகைதாரர் நிர்வாக அமைப்பின் கையில் இருந்தது. பெயரில் வாடகைதாரர் இருந்தார்கள். நிர்வாகத்தில் அவர்கள் பேச்சு எவ்வளவு எடுபட்டது என்பதைப் பின்னால் வந்த விசாரணை விரிவாகவே சொன்னது.

கிரென்ஃபெல் ஆக்‌ஷன் குரூப்தான் அந்த வலைப்பதிவை நடத்தியது. 2010இல் அது தொடங்கியபோது அதன் கவலை தீ அல்ல. குடியிருப்பை ஒட்டியிருந்த புல்வெளியில் பள்ளிக்கூடமும் விளையாட்டு மையமும் கட்டப் போகிறார்கள், பிள்ளைகள் ஓடியாட இருந்த ஒரே பச்சை இடம் போகிறது என்பதுதான் முதல் புகார். அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கட்டட வேலையால் தீயணைப்பு வண்டி வரும் வழி குறுகிவிட்டது என்று எழுதினார்கள். 2013 மே மாதம் மின்அழுத்தம் ஏறி இறங்கி வீடுகளில் சாதனங்கள் புகைந்தபோது அதை எழுதினார்கள். தீயணைப்பான்களின் பரிசோதனைத் தேதி தாண்டிக் கிடப்பதை எழுதினார்கள். வட்டார நூலகக் கட்டடம் தனியார் பள்ளிக்குக் குத்தகைக்குப் போவதையும், கல்லூரி வளாகம் கைமாறுவதையும் எழுதினார்கள். கவுன்சில் கூட்டக் குறிப்புகளைப் படித்தார்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டார்கள். எழுதியவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் டாஃபர்ன், 16ஆம் மாடியில் குடியிருந்தவர்.

இதெல்லாம் ஒரு நிருபரின் வேலை. சம்பளம் இல்லாமல், வேலை முடிந்து வந்த இரவுகளில் செய்தார்கள்.

கிடைத்த பதில் என்ன? 2013இல் கவுன்சிலின் வழக்கறிஞரிடமிருந்து, எழுதியவர்களில் ஒருவருக்குக் கடிதம் வந்தது. நீங்கள் எழுதுவது அவதூறு, தொல்லை என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. சொன்ன விஷயம் மெய்யா பொய்யா என்று போய்ப் பார்ப்பதற்கு முன், சொன்னவர் வாயை எப்படி மூடலாம் என்றுதான் யோசித்திருக்கிறார்கள். 2012இல் திட்டமிட்டு 2016இல் முடித்த புதுப்பிப்பு வேலையின்போதும் இதே கதை. டவர்வாசிகள் தனியாகச் சங்கம் அமைத்து, வேலையின் தரத்தை யாராவது சுதந்திரமாக விசாரிக்கட்டும் என்று 2015 டிசம்பரில் மனுக் கொடுத்தார்கள். அது நடக்கவில்லை.

2024 செப்டம்பர் 4இல் வெளியான இறுதி அறிக்கையில் விசாரணைத் தலைவர் மார்ட்டின் மூர்-பிக் இந்த உறவைப் பற்றி எழுதியிருப்பதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். குடியிருந்தவர்களில் சிலருக்கு, ஒருவேளை பலருக்கு, டிஎம்ஓ ஓர் அக்கறையற்ற, மிரட்டுகிற மேலதிகாரியாகத் தெரிந்தது. டிஎம்ஓவுக்கோ சிலர் தொந்தரவுக்காரர்கள், குறிப்பாக டாஃபர்ன். அவருடைய எழுத்து நடை அவர்களைப் புண்படுத்தியது. பாதுகாப்பான, கௌரவமான வீட்டுக்குத் தங்களை நம்பியிருக்கும் மனிதர்கள் இவர்கள் என்பதையே டிஎம்ஓ மறந்துவிட்டது என்று அறிக்கை சொல்கிறது.

காணாமல் போன நாற்காலி

ஒரு காலத்தில் கென்சிங்டனுக்கு என்று உள்ளூர்ப் பத்திரிகை அலுவலகம் இருந்தது. நிருபர்கள் தெருவில் நடந்தார்கள், கவுன்சில் கூட்டத்தில் உட்கார்ந்தார்கள். 2017க்கு வரும்போது பரோவின் பெயரைத் தாங்கிய வாரப் பத்திரிகைக்கு இருந்தது ஒரே நிருபர். அவரும் லண்டனுக்கு வெளியே இருந்துதான் எழுதினார். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஒரு மனிதரால் எவ்வளவு முடியும்? விளம்பரப் பணம் இணையத்துக்குப் போனதும் உள்ளூர்ப் பத்திரிகைகள் நாடு முழுவதும் தேய்ந்துபோயின. பிரிட்டன் அரசு கேட்டு ஃபிரான்சிஸ் கெயின்கிராஸ் 2019இல் கொடுத்த அறிக்கையின்படி, களத்தில் இருந்த முழுநேரப் பத்திரிகையாளர்கள் 2007இல் சுமார் 23,000 பேர். பத்து ஆண்டில் அது 17,000 ஆனது.

இங்கேதான் என் வாதத்தின் மையம் இருக்கிறது. வலைப்பதிவு என்று ஒன்று இருந்ததே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. குடியிருப்பவர் கோபத்தோடு எழுதுவார், எழுத வேண்டும், அது அவர் வீடு. அந்தக் கோபத்தைக் காரணம் காட்டியே அதிகாரி கடிதத்தை ஓரமாக வைத்துவிட முடியும். உள்ளூர் நிருபர் செய்வது இன்னொரு காரியம். அந்தப் பத்துப் பக்கப் புகாரை எடுத்துக்கொண்டு போய், தீயணைப்பானின் மேல் ஒட்டியிருக்கும் தேதியைத் தன் கண்ணால் பார்த்து, மறுநாள் டிஎம்ஓவுக்கு போன் போட்டு, ‘இதற்கு உங்கள் பதில் என்ன, வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது’ என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு ஏதாவது ஒரு பதில் எழுதியாக வேண்டும். பதில் எழுத வேண்டுமென்றால் யாராவது மாடி ஏறிப் பார்த்தாக வேண்டும். புகாருக்கும் பதிலுக்கும் நடுவில் அந்த ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

தேசியத் தொலைக்காட்சியில் இருந்தவர்களுக்கும் இது வலித்தது. சேனல் ஃபோர் செய்தியாளர் ஜான் ஸ்னோ 2017 ஆகஸ்டில் எடின்பரோவில் ஆற்றிய உரையில், அந்த மக்களின் எச்சரிக்கை எல்லோரும் படிக்கக்கூடிய இடத்திலேயே இருந்தது, நாம்தான் பார்க்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு ஏப்ரலில் பள்ளி மாணவர்களின் பேச்சுப் போட்டி ஒன்றில் அவர் நடுவராக இருந்து, 12 வயதுச் சிறுமி ஒருத்தியைத் தேர்ந்தெடுத்திருந்தார். அந்தப் பெண் கிரென்ஃபெல் டவரில் குடியிருந்தவள். தீயில் இறந்துபோனாள். நகரத்தின் பெரிய மனிதர்கள் முன் அவ்வளவு அழகாகப் பேசத் தெரிந்த பிள்ளை குடியிருந்த கட்டடத்தின் செய்தி, அதே நகரத்தின் காதில் விழாமல் போயிருக்கிறது.

கதவைத் திறந்தவர்கள்

அன்று ரமலான் மாதம். சஹர் உணவுக்காக விழித்திருந்த குடும்பங்கள் தீயைப் பார்த்து, கதவு கதவாகத் தட்டிப் பலரை எழுப்பின. ‘வீட்டுக்குள்ளேயே இருங்கள்’ என்ற அறிவுரையைத் தீயணைப்புத் துறை 2.47 மணிக்குத்தான் முறைப்படி கைவிட்டது. அதை மீறிக் கீழே ஓடி வந்தவர்கள் இரவு உடையில், செருப்புகூட இல்லாமல் தெருவில் நின்றார்கள்.

அவர்களுக்கு முதலில் கிடைத்த கூரை சின்ன அமைப்புகளுடையது. அதிகாலை மூன்று மணி வாக்கில் செயின்ட் கிளெமென்ட் தேவாலயத்தைக் குருவானவர் ஆலன் எவரெட் திறந்து விளக்கைப் போட்டார். அதை ஒட்டி நடக்கும் கிளெமென்ட் ஜேம்ஸ் மையம் எத்தனையோ ஆண்டுகளாக அந்தத் தெருப் பிள்ளைகளுக்குப் பாடமும் பெரியவர்களுக்கு வேலை தேட உதவியும் தந்துவந்த இடம். ரக்பி போர்ட்டொபெல்லோ டிரஸ்ட் திறந்தது. ஹாரோ கிளப் திறந்தது. அக்லம் ரோட்டில் அல் மனார் பள்ளிவாசல் எல்லா மதத்தாருக்கும் திறந்திருந்தது. நோன்பு திறக்கும் நேரத்தில் யார் வந்தாலும் சாப்பாடு இருந்தது.

இவர்களிடம் பேரிடர்த் திட்டம் என்று எதுவும் இருந்திருக்காது. இருந்தது வேறு. வந்தவரின் பெயர் தெரியும். இந்தப் பாட்டிக்கு அரபு மட்டும்தான் வரும், அந்தப் பையனின் அம்மா வேறு இடத்தில் வேலை செய்கிறாள், இன்னும் வந்து சேரவில்லை என்பது தெரியும். யாரைக் காணோம் என்று சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். அந்த அறிமுகத்தை அன்று இரவு யாராலும் உருவாக்கியிருக்க முடியாது. வாராவாரம் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்து, டீ போட்டுக் கொடுத்து, வருடக்கணக்கில் சேர்த்து வைத்தது.

கவுன்சில்? முதல் நாட்களில் அது குழம்பி, தாமதித்து, அரைகுறையாகச் செயல்பட்டது என்பது விசாரணையின் முடிவு. பலருக்கு மாற்று வீடு பற்றிச் சொல்ல ஆள் இல்லை. நோன்பிருந்தவர்களின் தேவைகூடக் கவனிக்கப்படவில்லை. அந்தச் சில நாட்களில் பாராட்டுக்கு மிகவும் உரியவர்கள் உள்ளூர் மக்களும் அவர்களுக்குத் துணை நின்ற தன்னார்வ அமைப்புகளும்தான் என்று மூர்-பிக் எழுதியிருக்கிறார்.

பூட்டிய கூட்டம்

ஜூன் 29ஆம் தேதி கவுன்சில் அமைச்சரவை தீக்குப் பின் முதல்முறையாகக் கூடியது. பத்திரிகையாளரும் பொதுமக்களும் உள்ளே வரக் கூடாது என்று முடிவெடுத்திருந்தார்கள். ஊடகங்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போய் உத்தரவு வாங்கி வந்தன. நிருபர்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். திறந்த கூட்டத்தில் பேசினால் வரப்போகும் விசாரணைக்குப் பாதகம் என்று சொல்லி, கவுன்சில் தலைவர் நிக்கோலஸ் பேஜட்-பிரவுன் கூட்டத்தைத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே முடித்துவிட்டார். மறுநாள் பதவி விலகினார்.

அந்த நாளை நான் சாதாரண நாளாக நினைக்கவில்லை. நாட்டின் பெரிய ஊடகங்கள் வழக்கறிஞர் வைத்து நீதிமன்றம் போனதால் அந்தக் கதவு திறந்தது. 2013லும் 2015லும் கவுன்சில் கூடியபோது கதவு திறந்தேதான் இருந்திருக்கும். உள்ளே குறிப்பெடுக்க ஒரு நிருபர் இருந்தாரா என்பதுதான் சந்தேகம்.

பணம் எந்த வழியாகப் போனது

உலகம் முழுவதிலிருந்தும் நன்கொடை வந்தது, மொத்தம் 2 கோடி பவுண்டுக்கு மேல். செஞ்சிலுவைச் சங்கம், லண்டன் பத்திரிகை ஒன்றின் நிதி, கென்சிங்டன்-செல்சி ஃபவுண்டேஷன் என்று பல பைகளில் சேர்ந்தது. ஆனால் பணம் கைக்கு வரத் தாமதம் என்ற புகார் வாரக்கணக்கில் இருந்தது. பொருட்களோ தேவைக்கு மேல் குவிந்தன. துணி மூட்டைகளைப் பிரிக்கவே தனியாக ஆட்கள் வேண்டியிருந்தது.

சரி, கடைசியில் எப்படிப் பிரித்தார்கள்? உறவை இழந்தவர்களுக்கும் பலத்த காயம் பட்டவர்களுக்கும் ஒரு நகர அளவிலான நிதியம் கொடுத்தது. உயிர் தப்பிய குடும்பங்களுக்குப் பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ரக்பி போர்ட்டொபெல்லோ டிரஸ்ட். சிறுவர்களுக்குக் கால்பந்தும் பாடமும் நடத்தும் ஓர் அமைப்பு லட்சக்கணக்கான பவுண்டுகளை வீடு வீடாகப் பங்கிட்டது. குடும்பங்கள் அங்கே தயங்காமல் போனார்கள். படிவத்தோடு வரும் எந்த அதிகாரியையும் நம்ப முடியாத மனநிலையில் அவர்கள் இருந்த சமயம் அது. பெரிய நிதியங்கள் பேரிடருக்குப் பிறகு உள்ளூர் அமைப்பைத் தேடி வருவதைவிட, சாதாரண நாட்களிலேயே அவற்றின் வாடகைக்கும் ஒரு ஊழியரின் சம்பளத்துக்கும் பணம் தருவது புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். திட்டத்துக்குக் காசு தருவார்கள், கரண்ட் பில்லுக்குத் தர மாட்டார்கள். சின்ன அமைப்பு நடத்திய யாரைக் கேட்டாலும் இந்தக் குறையைச் சொல்வார்கள்.

பத்திரிகை இருந்திருந்தால்?

நேர்மையாகச் சொல்ல வேண்டும்: ஓர் உள்ளூர்ப் பத்திரிகை இருந்திருந்தால் தீ நின்றிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. தீ பரவக் காரணம், பாலிஎதிலீன் அடைத்த அலுமினியத் தகடுகள். அவற்றை விற்ற நிறுவனங்கள் திட்டமிட்டே ஏமாற்றியதையும், அரசாங்கம் பல ஆண்டுகளாகக் கண்டுகொள்ளாததையும் இறுதி அறிக்கை விரிக்கிறது. வலைப்பதிவிலும் தகடு தீப்பிடிக்கும் என்று யாரும் எழுதவில்லை. 2009 ஜூலை 3இல் தெற்கு லண்டனின் லக்கனல் ஹவுஸ் தீயில் 6 பேர் இறந்த பிறகு, வீட்டுவசதித் துறைப் பத்திரிகைகள் விடாமல் எழுதின. அரசு அசையவில்லை.

ஆனால் ஒரு விஷயம் முழுக்க முழுக்க உள்ளூர் விஷயம்: கதவு. தீ பிடித்தால் வீட்டு வாசல் கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும், புகை படிக்கட்டுக்கு வராமல் தடுப்பது அதுதான். கிரென்ஃபெலில் இருந்தது ஒரே ஒரு படிக்கட்டு. பல கதவுகளில் டோர் குளோசர் உடைந்திருந்தது அல்லது இல்லவே இல்லை. 2015 அக்டோபர் 31இல் அதே பரோவில், அதே டிஎம்ஓ பராமரித்த அடேர் டவரில் தீப்பிடித்தபோதே இது தெரிந்துவிட்டது. தீயணைப்புத் துறை நோட்டீஸ் கொடுத்தது. கதவுகளை முறைவைத்துச் சோதியுங்கள் என்று சொன்னது. அந்தச் சோதனை முறை வரவில்லை. ஆக்‌ஷன் குரூப் அடேர் டவரைப் பற்றியும் எழுதியது.

ஒரு வட்டார நிருபரின் கண்ணுக்கு இது பெரிய துப்பறியும் செய்தியே அல்ல. ஒரு மாலை மாடி மாடியாக ஏறி, எத்தனை கதவு தானாக மூடுகிறது என்று எண்ணிவிட்டு வந்தால் போதும். முதல் பக்கச் செய்தி. மூன்று மாதம் கழித்து மறுபடி எண்ணினால் இன்னொரு செய்தி. தகட்டைப் பற்றி யாருக்கும் தெரியாமலே, இந்த ஒன்று சரியாகியிருந்தால் படிக்கட்டில் புகை குறைந்திருக்கும்.

கவுன்சில் கூட்டங்களில் உட்கார நிருபர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் திட்டத்தை பிபிசி 2018 முதல் நடத்துகிறது. ஆண்டுக்கு 80 லட்சம் பவுண்டு வரை செலவு, தொடக்கத்தில் 150 நிருபர்கள். அவர்கள் எழுதுவதை உள்ளூர்ப் பத்திரிகைகள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நல்ல திட்டம்தான். ஆனால் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட கவுன்சில்களைப் பார்க்க வேண்டியிருந்தால் மாடி ஏற நேரம் எங்கே கிடைக்கும்? கூட்டத்தில் உட்காருவது பாதி வேலை. மீதி குடியிருப்பில் இருக்கிறது.

கடைசியாக ஒரு பொதுச் சமையலறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு போய் ஹோட்டல் அறைகளில் தங்கியிருந்த பெண்களுக்கு அடுப்பு இல்லை. அல் மனார் பள்ளிவாசலின் சமையலறையில் கூடித் தங்கள் குடும்பத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் சமைக்கத் தொடங்கினார்கள். அதற்கு ‘ஹுப்’ என்று பெயர் வைத்தார்கள், அரபு மொழியில் அன்பு. வாரம் இரண்டு நாள்தான் திறக்க முடிந்தது, அதற்கு மேல் காசு இல்லை. 2018இல் சசெக்ஸ் சீமாட்டி மேகன் அங்கே போய்க்கொண்டிருந்தபோதுதான், ஏன் மற்ற நாளில் மூடியிருக்கிறது என்று கேட்டார். அவர்களுடைய சமையல் குறிப்புகள் செப்டம்பரில் புத்தகமாக வந்தன, உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் வாசலில் வந்து நின்றன, விற்ற பணம் அடுப்பை மற்ற நாட்களிலும் எரிய வைத்தது. அந்தப் பெண்கள் அதற்கு முன்னும் அதே இடத்தில் அதே கறியைத்தான் சமைத்துக்கொண்டிருந்தார்கள். நார்த் கென்சிங்டனில் வாரம் இரண்டு நாள் மட்டும் திறக்கும் அறைகள் இன்னும் எத்தனையோ உண்டு, அவற்றின் வாசலுக்குப் போய் மற்ற நாள் ஏன் மூடியிருக்கிறது என்று கேட்கும் வேலைக்கு ஒரு சீமாட்டி தேவையில்லை, நோட்டுப் புத்தகத்தோடு ஓர் உள்ளூர் நிருபர் போதும்.